சாவி யார் கையில்? – கணினி டீச்சர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். ஆத்தங்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் 32 பேர். போன பருவத்தில் 'எங்க வீட்டு வேலை' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். டைல்ஸ் பட்டறைக்குப் போகிற அப்பாக்களைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். ஒரு பையன், "கண்ணாடியில மொதல்ல ஊத்துற கலருதான் கடைசியில மேல தெரியும். அதனால எங்கப்பா பூவைத் தலைகீழாத்தான் நினைப்பாரு" என்று எழுதியிருந்தான். இதை நோட்டுக்குள் வைத்து மூட மனசு வரவில்லை. வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று காரைக்குடியில் விசாரித்தேன். ஒருவர் மாதம் 79 ரூபாய்க்கு 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் தருகிறேன், 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டணும் என்கிறார். கூட வேலை பார்க்கும் ஆசிரியர், இலவச வலைப்பூச் சேவையான பிளாகரே போதும் என்கிறார். ஒரு மாணவியின் அண்ணன், வேர்ட்பிரஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். என்னிடம் இருப்பது ஒரு போன், பள்ளியில் ஒரு கணினி. எதை எடுப்பது?
– ஓர் ஆசிரியை, ஆத்தங்குடி அருகே

பதில்: அந்தப் பையன் எழுதிய வரியை மூன்று தடவை படித்தேன் டீச்சர். நீங்கள் எந்த இடத்தைப் பிடித்தாலும், பத்து வருஷம் கழித்து அவன் வந்து கேட்கும்போது அந்த வரி அதே தமிழில் அங்கே இருக்க வேண்டும். இந்த ஒன்றை வைத்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஹோஸ்டிங், அதாவது வலைத்தளத்தைக் குடிவைக்கும் வாடகை இடம், வாங்காதீர்கள். பிளாகரில் தொடங்குங்கள். கையில் இருக்கும் காசில் பள்ளியின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, மட்டும் வாங்குங்கள். டாட் இன் முகவரி பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

அந்த 79 ரூபாயைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 79ஐ 48ஆல் பெருக்கினால் 3,792. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,475 ரூபாய் வருகிறது. நான்கு வருஷத்துக்கு இது பரவாயில்லை என்றுதான் தோன்றும். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய விலைத்தாளைப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், புதுப்பிக்கும்போது மாதம் 299 ரூபாய் என்று போட்டிருக்கிறது. அதாவது ஐந்தாவது வருஷம் ஒரே வருஷத்துக்கு, வரியோடு 4,234 ரூபாய். முதல் நான்கு வருஷத்துக்குக் கொடுத்த பணத்தை ஏறக்குறைய அந்த ஒரு வருஷத்துக்கே திரும்ப எடுத்து வைக்க வேண்டும். அதற்குள் உங்களுக்குப் பணிமாறுதல் வந்திருக்கலாம். அடுத்து வருகிற டீச்சர் எங்கிருந்து கட்டுவார்? ஹோஸ்டிங் வாங்குகிற எல்லாரிடமும் நான் சொல்வது இதுதான். சேரும்போது என்ன விலை என்று கேட்காதீர்கள். புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். இந்த மாதிரி மலிவுத் திட்டங்கள் எல்லாம் ஒரே சர்வரை, அதாவது தளங்களைச் சேமித்துவைக்கும் கணினியை, நூற்றுக்கணக்கான பேருக்குப் பங்கு போட்டுத் தருபவை. நம் ஊர் வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு பங்காளியின் குடும்பத்துக்கும், ஒரு அறை. அறைக்குப் பூட்டு தனித்தனி. ஆனால் முகப்பும் வளவும் கிணறும் எல்லாருக்கும் பொது. ஒரு புள்ளி வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்றால் அன்றைக்கு மற்றவர்கள் வளவைக் கடக்கவே நேரம் பிடிக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்கும் அப்படித்தான். பக்கத்து அறைக்காரரின் தளத்துக்குக் கூட்டம் வந்தால் உங்கள் பக்கம் மெதுவாகும். இடம் அளவில்லாமல் தருகிறோம் என்று சொல்பவர்களும், எத்தனை கோப்புகள் வைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு ஒப்பந்தத்தின் உள்ளே ஓர் எல்லை போட்டிருப்பார்கள். அந்த எண்கள் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2013இல் நான் ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு கணினி மையக்காரரிடம் வருஷம் 1,800 ரூபாய் கட்டி வகுப்பு வலைப்பூ வைத்திருந்தோம். பிள்ளைகள் எழுதியது 147 பதிவுகள். ஒரு சனிக்கிழமை அவர், "சர்வர் மாத்துறோம் டீச்சர், திங்கக்கிழமை சரியாயிடும்" என்றார். திங்கள்கிழமை முதல் பாடவேளையில் திறந்தோம். படங்கள் இருந்தன, தேதிகள் இருந்தன. எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. ஒரு வரி, ஒரு பத்தி, ஒரு பக்கம் முழுக்கக் கேள்விக்குறி.

முன் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள். அவள் அப்பத்தா பனங்குருத்தில் கொட்டான் என்கிற கூடை முடைகிறதைப் பற்றி, சாயம் ஏற்றும் ஓலை எது, ஏற்றாத ஓலை எது, மூடியின் வாயை எப்படி மடக்குவது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தலைப்பு, 'அப்பத்தா கொட்டான்'. திரையில் விரல் வைத்து எண்ணினாள். எட்டுக் கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி எட்டுக் கேள்விக்குறி. "டீச்சர், இதுதான் என்னோடது" என்றாள். அவள் எண்ணியது சரி. நமக்கு 'அப்பத்தா' ஐந்து எழுத்து. கணினி அதைப் புள்ளியைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைத்து எட்டாகச் சேமிக்கிறது. 'கொட்டான்' நமக்கு நான்கு, கணினிக்கு எட்டு. அந்தப் பதினாறும் பதினாறு கேள்விக்குறிகளாகிவிட்டன. அப்பத்தா அதற்கு முந்தின தையில் இறந்திருந்தார்.

என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். புது சர்வரில் தகவல் சேமிக்கும் பெட்டியை ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமான பழைய அமைப்பில் உருவாக்கியிருக்கிறார்கள். கணினி இப்படித் தனித்தனியாக வைக்கும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில், யுடிஎஃப்-8 என்ற முறையில், மூன்று பைட் இடம் பிடிக்கும். பழைய அமைப்புக்கு அது புரியாது; புரியாததையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றி அப்படியே எழுதி வைத்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யாருக்காவது உதவும். தமிழ் இருந்த இடத்தில் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, தவறாகப் படிக்கப்படுகிறது, சரிசெய்ய முடியும். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் போனது போனதுதான். வேறு பிரதி இருந்தால் உண்டு. எங்களிடம் வேறு பிரதி இல்லை. நோட்டுகளை ஆண்டு முடிவில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டிருந்தோம்.

ஆகவே யாரிடம் இடம் எடுப்பதானாலும், பணம் கட்டும் முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஒரு சோதனைப் பதிவு போடச் சொல்லுங்கள். அதில் 'ஸ்ரீ', 'ஔவை', 'கொட்டான்', 'க்ஷ' இவையெல்லாம் இருக்கட்டும். நடுவில் ஒரு சிரிப்பு முகப் பொம்மையையும் போடுங்கள். அந்தப் பொம்மைக்கு நான்கு பைட் வேண்டும்; மூன்று பைட்டோடு நின்றுவிட்ட பழைய அமைப்பில் பொம்மைக்கு அப்புறம் எழுதியதெல்லாம் வெட்டுப்பட்டுப் போவதுண்டு. பதிவை வெளியிட்டபின் தேடல் பெட்டியில் 'கொட்டான்' என்று தட்டிப் பாருங்கள், கிடைக்கிறதா என்று. அடுத்ததுதான் முக்கியம். முழுவதையும் வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். எடுத்த கோப்பைப் பள்ளிக் கணினியில் திறந்து, தமிழ் தமிழாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இதைச் செய்து காட்ட அரை மணி நேரம் ஆகாது. செய்து காட்டாதவரிடம் பிள்ளைகள் எழுத்தைக் கொடுக்கக் கூடாது.

பிளாகரில் இந்தத் தமிழ்ச் சிக்கல் இல்லை. 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. 2003, 2004இல் தமிழில் வலைப்பூ எழுத வந்தவர்களில் நிறையப் பேர் முதலில் கூடு கட்டிய இடம் அது. நாமாக விளம்பரத்தை இணைத்தால் ஒழிய அதில் விளம்பரம் வராது. பிள்ளைகள் எழுதும் பக்கத்துக்கு இது பெரிய விஷயம். சொந்த டொமைனை இணைக்கக் காசு கேட்பதில்லை. பிளாகர் தருகிற இரண்டு வரிகளை டொமைன் விற்றவரின் பக்கத்தில் பதிந்தால் போதும். முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னம் வருகிற பாதுகாப்பு வசதியையும் இலவசமாகவே தருகிறார்கள். இதையே தனிக் கட்டணமாகக் கேட்கும் ஹோஸ்டிங்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறது, அதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

வேர்ட்பிரஸ் பற்றி அந்த அண்ணன் சொன்னது பாதி சரி. வேர்ட்பிரஸ் இரண்டு உண்டு, இதில்தான் பலருக்குக் குழப்பம். ஒன்று, மென்பொருள். அது இலவசம், ஆனால் அதைக் குடிவைக்க ஹோஸ்டிங் வேண்டும், மாதாமாதம் புதுப்பிப்பு போட ஆள் வேண்டும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவான். மற்றது, வேர்ட்பிரஸ் டாட் காம் என்ற சேவை. அங்கே இடமும் அவர்களே தருகிறார்கள், இலவசத் திட்டத்தில் 1 ஜிபி. ஆனால் அந்த இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் காட்டுவார்கள். என்ன விளம்பரம் என்பது உங்கள் கையில் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரைக்கு அடியில் அது வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம். ஆசிரியர்களுக்கென்றே எஜுபிளாக்ஸ் என்று ஒன்று 2005 முதல் இருக்கிறது, வேர்ட்பிரஸ்மேல் கட்டியது. பிள்ளைகளுக்கு இமெயில் இல்லாமலேயே கணக்குத் திறந்து தரலாம். பிள்ளைகளே தட்டச்சு செய்து போட வேண்டும் என்ற கட்டம் வந்தால் அதைப் பாருங்கள். இப்போது நீங்கள்தானே ஏற்றப்போகிறீர்கள், பிளாகர் போதும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுத்துக்கு இடமே வேண்டாம் டீச்சர். ஒரு பிள்ளையின் 300 சொல் கட்டுரை பத்து கிலோபைட் கூட வராது. இடத்தைத் தின்பது போட்டோ. உங்கள் போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருக்கும். 32 பிள்ளைகள் வாரம் ஒரு படம் என்றால் வாரத்துக்கு 128 எம்பி. 1 ஜிபி எட்டே வாரத்தில் தீர்ந்துவிடும். அதே படத்தை அகலம் 1,200 பிக்சலாகச் சுருக்கினால் 200 கேபிக்குப் பக்கத்தில் நிற்கும். பள்ளி நடக்கிற நாற்பது வாரத்துக்கும் சேர்த்து 256 எம்பிதான். டைல்ஸ் பூவின் நிறம் கொஞ்சமும் மங்காது. சுருக்கத் தெரியாவிட்டால், படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அந்தப் பிரதியை ஏற்றுங்கள். அதில் இன்னொரு நன்மையும் உண்டு, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இனி சாவிக்கு வருகிறேன். நம் ஊரில் பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். பங்காளிகள் சென்னையில், மலேசியாவில். சாவி யாரிடம் என்று கேட்டால் காவல்காரர் சொல்வார், அவருக்கும் தெரியாவிட்டால் திருவிழாவுக்கு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். வகுப்பு வலைப்பூவுக்கும் இதே கதிதான் நேர்கிறது. தொடங்கிய டீச்சர் கவுன்சிலிங்கில் வேறு ஊருக்குப் போகிறார். கணக்கு அவருடைய சொந்த ஜிமெயிலில். ஓடிபி அவருடைய போனுக்கு.

அதனால் முதல் நாளே இப்படிச் செய்யுங்கள். வகுப்புக்கென்று தனி ஜிமெயில் திறங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டாம். பிளாகரின் அமைப்புகளில் இன்னொரு ஆசிரியரையும் நிர்வாகியாகச் சேருங்கள். சாதாரண எழுத்தாளராகச் சேர்த்தால் அவரால் தன் பதிவை மட்டும்தான் தொட முடியும். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கிற இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டதும் கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். அதை அச்செடுத்து, கடவுச்சொல்லையும் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் டீச்சர் மாறினாலும் அந்தக் கவர் கதவைத் திறக்கும். இன்னொன்றும் உண்டு. இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. ஆகவே பொறுப்பு ஒப்படைக்கும் ரெஜிஸ்டரில் வருகைப் பதிவேடு, சாக்பீஸ் பெட்டி, அலமாரிச் சாவியோடு இதையும் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

டொமைனும் அப்படியே. வாங்கிக் கொடுக்கிறவர் தன் பெயரில் பதியப் பார்ப்பார். சோம்பலில் செய்வதுதான், கெட்ட எண்ணம் இருக்காது. விடாதீர்கள். உரிமையாளர் இடத்தில் பள்ளியின் பெயர், பள்ளியின் இமெயில். கெடு முடிந்து கவனிக்காமல் விட்டால் முகவரி கைமாறிவிடும். டாட் காம் முகவரி நீக்கப்பட்ட பிறகு 30 நாள் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம், அதன் பின் 5 நாள் யாராலும் தொட முடியாது, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய இடத்திலும் இது நடக்கும். இந்தியாவில் பிளாகர் பக்கங்கள் பல காலம் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியில் திறந்தன. 2020இல் அந்த முகவரி வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. பழைய கட்டுரைகளில் கொடுத்திருந்த டாட் இன் சுட்டிகள் எல்லாம் அன்றோடு செத்தன. சொந்த டொமைன் வாங்கச் சொல்வதே அதற்காகத்தான். நாளைக்கு பிளாகரை விட்டு வேறு இடம் போனாலும், வாசலில் இருக்கும் முகவரிப் பலகை உங்களுடையதாகவே இருக்கும்.

பதிவின் இணைப்பு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற இடங்களில் தமிழில் கொடுத்தால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'அப்பத்தா கொட்டான்' என்ற இரண்டு சொல் 145 எழுத்து நீளமாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெற்றோர் பயந்துபோய்த் தொடமாட்டார்கள். பிளாகரில் தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால், 'blog-post' என்ற பொதுப் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிப் போட்டுவிடும். வெளியிடும் முன்பே மாற்ற வேண்டும், பின்னால் மாற்றினால் பழைய சுட்டி உடையும்.

மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுங்கள். பிளாகர் தரும் கோப்பில் எழுத்தும் கருத்துகளும் வரும், படங்கள் வராமல் போகலாம். படங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்டிரைவ் போதாது, இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஏ4இல் அச்செடுத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் எழுந்தது. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவது அந்தக் காகிதங்களைத்தான். ஓர் ஆத்தங்குடிப் பட்டறைப் பையன் தன் அப்பா பூவைத் தலைகீழாக நினைப்பார் என்று எழுதியதை யார் என்றைக்குத் தேடி வருவார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதல் பதிவு அந்தப் பையனுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். நான் படித்த பள்ளியின் வகுப்பு வலைப்பூவுக்கு ஹோஸ்டிங் செலவை ஏற்க ஆசை. பத்து வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடலாமா?
– ஒரு பழைய மாணவர்

பதில்: நல்ல மனசு தம்பி. கடல் கடந்து சம்பாதித்ததில் ஊருணி வெட்டியும் பள்ளிக்கூடம் கட்டியும் வைத்த ஊர் நம்முடையது. நீங்கள் செய்வதும் அந்த வரிசைதான். ஆனால் இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். டொமைனை ஒரேயடியாகப் பத்து வருஷத்துக்குப் பதியலாம். அதுதான் உச்ச வரம்பு, விலையும் நடுவில் ஏறாது. அதைத் தாராளமாகக் கட்டுங்கள். ஹோஸ்டிங்குக்கு அப்படிக் கட்டாதீர்கள். பத்து வருஷத்தில் அந்த நிறுவனம் கைமாறும், சர்வர் மாறும், பள்ளியின் தேவையும் மாறும். வருஷா வருஷம் கட்டினால் பிடிக்காதபோது கிளம்பி வரலாம்.

எல்லாவற்றையும் பள்ளியின் பெயரிலேயே பதியுங்கள். பணம் உங்கள் கார்டில் போகட்டும், உரிமை உங்களிடம் வேண்டாம். உங்கள் கார்டு காலாவதியாகும் மாதத்தைப் பள்ளிக்குச் சொல்லிவையுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி போட்டுவிட்டு கார்டு மாறியதை மறந்ததால் போன தளங்களை நானே பார்த்திருக்கிறேன். ஹோஸ்டிங் பணம் மிச்சமானால் ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடுங்கள் தம்பி. பிள்ளைகளின் கையெழுத்தையே ஏற்றலாம்.

கேள்வி: வெளிநாட்டு சர்வரா, இந்திய சர்வரா? வேகத்தில் வித்தியாசம் தெரியுமா?
– கல்லூரி மாணவர், புதுவயல்

பதில்: தெரியும், கொஞ்சம். நம் ஊரிலிருந்து மும்பை சர்வரைத் தொட்டுத் திரும்புவதற்கும் அமெரிக்கா போய்த் திரும்புவதற்கும் ஏறக்குறைய கால் நொடி வித்தியாசம். சுருக்காத ஒரு 4 எம்பி படம் அதைப்போலப் பல மடங்கு நேரத்தைத் தின்னும். முதலில் படத்தைச் சுருக்குங்கள், பிறகு சர்வர் எந்த ஊரில் என்று பார்க்கலாம்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி வலைப்பூவில் அவள் போட்டோ, முழுப் பெயர், ஊர், வகுப்பு எல்லாம் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொன்னால் டீச்சர் வருத்தப்படுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: தயங்காமல் கேளுங்கள் அம்மா. கேட்பது உங்கள் உரிமை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. டீச்சரிடம் நேரில் போய், "எழுத்து இருக்கட்டும் டீச்சர், படத்தையும் முழுப் பெயரையும் மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அன்று சாயங்காலமே எடுத்துவிடுவார்.

வலைப்பூ நடத்தும் டீச்சர்மாரும் இதைப் படித்துவிடுங்கள். பெயருக்குப் பதில் பிள்ளையே தேர்ந்தெடுத்த புனைபெயர் போடுங்கள். அதில் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பாருங்கள், என் வகுப்பில் ஒருத்தி 'கவுனி அரிசி' என்று வைத்துக்கொண்டாள். முகம் தெரிகிற படத்துக்குப் பதில் கை, நோட்டு, முடைந்த கொட்டான், பட்டறைக் கண்ணாடி இவற்றை எடுங்கள். கருத்துகள் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும்படி வையுங்கள். ஒப்புதல் படிவத்தை வருஷ ஆரம்பத்தில் அச்செடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். படம், பெயர், எழுத்து மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும், சில பெற்றோர் எழுத்துக்குச் சரி என்று படத்துக்கு வேண்டாம் என்பார்கள்.

முன்னே சொன்ன வாட்ஸ்அப் விஷயம் இதுதான். போனில் இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். ஒரு பிள்ளை வீட்டுத் திண்ணையில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால், அந்த வீட்டுக்கு வழி சொல்லிக் கொடுத்த மாதிரி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் உதிராது, அப்படி அனுப்பாதீர்கள்.